கடல் தாண்டிப் போன படம்

பேத்துப்பாறைப் பிச்சையம்மாளின் முகத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் லட்சம் பேராவது பார்த்திருப்பார்கள் என்று கொடைக்கானல் கைடு குருநாதன் சொல்வார். பார்த்தவர்கள் எல்லாரும் அவளுக்காக இரக்கப்பட்டிருப்பார்களாம். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், பாவம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆள் அவளை நம்புவது. அந்த ஆள் அவள் புருஷன் திருமலைச்சாமி.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பேத்துப்பாறையில்தான். சரிவுக் காட்டில் பீன்சும் மலைவாழையும் போட்டிருந்தார்கள். காட்டில் சோலி இல்லாத நாட்களில் கொடைக்கானல் பங்களாக்களுக்கு விறகு சுமப்பாள். திருமலைச்சாமி இளவட்டமாக இருக்கும்போதே அண்ணனோடு கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். லீவு கிடைத்தால் வருவான், சில மாதம் இருப்பான், மறுபடி போய்விடுவான். நல்ல மனுஷன்தான். குடி கிடையாது. ஆனால் ரோஷக்காரன். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அதைச் சாமி விபூதி மாதிரி மடித்து வைத்துக்கொள்வான்.

அவர்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று காய்ச்சலில் போனது. இன்னொன்று பேர் வைக்கும் முன்னாலேயே போய்விட்டது. மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது திருமலைச்சாமி தோட்டத்தில் இருந்தான்.

பிள்ளை தங்காத வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைச் சாமி சன்னிதிக்கு எதிரே, பிள்ளை தங்கிய வேறொரு வீட்டுக்காரிக்கு விற்றுவிட வேண்டும். விலை ஒரு படி தவிடு. தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டு, பெற்றவள் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பிள்ளை அழுதாலும் திரும்பக் கூடாது. கொஞ்ச தூரம் போனபின் வாங்கியவள் கூப்பிடுவாள்: "இந்தா தாயி, என் பிள்ளைய வளர்த்துக் குடு." அதற்கப்புறம் பிள்ளை பெற்றவளிடம்தான் வளரும். ஆனால் மூன்று வயது தாண்டும்வரை அதை 'என் பிள்ளை' என்று வாயால் சொல்லக் கூடாது. இந்த வீட்டில் பிள்ளையே இல்லை, இருப்பது அடுத்த வீட்டுப் பிள்ளை, அதுவும் தவிட்டு விலைக்குப் போனது என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம். எமனே ஏமாறும்போது மனுஷர் ஏமாற மாட்டார்களா என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிச்சையம்மாளும் ஒரு காலத்தில் சாமிக்குப் பிச்சையாகக் கொடுத்து வாங்கிய பிள்ளைதான். அதனால்தான் அந்தப் பேர். தன்னைக் காப்பாற்றிய முருகன் தன் பிள்ளையையும் காப்பாற்றுவான் என்று அவள் மனசார நம்பினாள்.

கொடைக்கானல் சந்தையில் காய்கறி விற்கும் சோலையம்மாள் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டாள். அவள் வீட்டில் பிறந்ததெல்லாம் தங்கியிருந்தது. "தவிட்டுக்கு ஒரு பிள்ள கிடைக்குதுன்னா எனக்கு என்ன வலிக்குதா?" என்று சிரித்தாள். அது குறிஞ்சி பூத்த வருஷம். குறிஞ்சி ஆண்டவர் கோயிலைச் சுற்றி மலை முழுக்க நீலமாகக் கிடந்தது. பூவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திருந்தார்கள். கழுத்தில் இரண்டு கேமராவைத் தொங்கவிட்டிருந்த ஒரு வெள்ளைக்காரரும் வந்திருந்தார். அவருக்குக் கைடு குருநாதன்.

பிச்சையம்மாள் தவிட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் பிள்ளை பாலுக்கு அழுதது. அவள் மாரில் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு நடந்தாள். கண்ணீர் தானாக வந்தது. எதிரே நின்ற வெள்ளைக்காரர் கேமராவைத் தூக்கியதை அவள் பார்த்தாள். ஆனால் அப்போது நிற்கவும் முடியாது, முகத்தை மூடவும் முடியாது. மடியில் தவிடு இருந்தது.

பிறகு சோலையம்மாள் கூப்பிட்டாள். பிள்ளை கைக்கு வந்தது. கோயில் சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது குருநாதன் வந்தார்.

"தாயி, இந்தத் தொரை கேக்குறாரு, என்ன விசேஷம்னு. சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்கண்ணே. சாமி காரியந்தான, ஒளிக்கிறதுக்கு என்ன கெடக்கு?"

குருநாதன் தனக்குத் தெரிந்த சீசன் இங்கிலீஷில் எல்லாம் சொன்னார். இரண்டு பிள்ளை செத்தது, இது பொய்யான விற்பனை, எமனை ஏமாற்றுவது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். வெள்ளைக்காரர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். புருஷன் எங்கே என்று கேட்டார். "சிலோன் போய்விட்டார்" என்று குருநாதன் சொன்னார். வெள்ளைக்காரர் பிச்சையம்மாளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவளும் பின்னால் ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதில்லை.

அந்தச் சமயம் பக்கத்து வீட்டுச் சேனாதிபதி லீவு முடிந்து இலங்கைக்குக் கிளம்பினார். திருமலைச்சாமி இருக்கும் தோட்டத்தில்தான் அவருக்கும் வேலை. பிச்சையம்மாள் அவரிடம் சேதி சொல்லி அனுப்பினாள். வழக்கத்தை மீறிச் சொல்ல அவளுக்குப் பயம். அதனால் இப்படிச் சொன்னாள்:

"அவுககிட்டச் சொல்லுங்க மாமா, நம்ம வீட்டுல பிள்ள இல்ல. சோலையம்மா வீட்டுப் பிள்ள நல்லாருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அவுகளுக்குப் புரியும்."

அவனுக்குப் புரியத்தான் செய்தது. சேதியைக் கேட்டதும் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சீனி வாங்கிக் கொடுத்தானாம். அவனும் இந்த மலைக்காரன்தானே.

அடுத்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குருநாதன் வழவழப்பான ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஓட்டலில் தங்கியிருந்த ஒரு துரைசானி விட்டுப்போனதாம்.

"ஏ தாயி, உன் படம் வந்திருக்கு. முழுப் பக்கம்."

பிச்சையம்மாள் பார்த்தாள். நனைந்த ரவிக்கை, மடியில் தவிடு, கண்ணீர். பின்னால் மங்கலாகச் சோலையம்மாள் கையில் பிள்ளை.

"என்னய்யா இது, என் மூஞ்சி மட்டும் புகை மூட்டமா இருக்கு? வெல குடுத்து வாங்குனவ நானு" என்றாள் சோலையம்மாள். சந்தையே சிரித்தது.

குருநாதனுக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லச் சொல்லி ஓட்டல் கிளார்க்கிடம் போனார். திரும்பி வந்தபோது அவர் நடை மாறியிருந்தது.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல தாயி. அவங்க ஊரு பாஷை, அப்படித்தான்."

"என்ன பாஷை? சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெற்கே பஞ்சமாம். புருஷன் கைவிட்டுப் போயிட்டானாம். ஒரு படி தவிட்டுக்குப் பெத்த பிள்ளைய வித்துட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போறாளாம் ஒரு தாய். அவ்வளவுதான் போட்டிருக்கான். நான் விவரமாத்தான் தாயி சொன்னேன். அவரும் விவரமாத்தான் எழுதினாரு. ஆண்டவன் சாட்சி."

பிச்சையம்மாள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம ஊர்ச் சங்கதி அவங்களுக்கு என்ன தெரியும் என்றாள். இத்தனை கண் பிள்ளை மேல் விழுகிறதே என்றுதான் பயந்தாள். சோலையம்மாள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவே இல்லை. கண்ணேறு கடுமை என்று பேசிக்கொண்டார்கள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தவுட்டாயி என்று பேர் வைத்தார்கள், குண்டாக வளர்ந்தாள். கண்ணேறு வேறு இடத்தில் பிடித்தது.

மதுரையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அந்தப் படத்தை எடுத்துப் போட்டது. கீழே இருந்ததையும் தமிழாக்கிப் போட்டது. அதைப் பார்த்து இலங்கையில் ஒரு பத்திரிகை, 'பழனி மலையில் பரிதாபம்' என்று இன்னும் பெரிய எழுத்தில் போட்டது. திருமலைச்சாமியிடமிருந்து வந்துகொண்டிருந்த கடுதாசி நின்றது.

மறு லீவுக்குச் சேனாதிபதி வந்தார். பிச்சையம்மாள் வெள்ளனே போய் அவர் வாசலில் நின்றாள்.

"ஏத்தா, உன் படத்த லயத்துச் சுவத்துல ஒட்டிட்டானுவ" என்றார் அவர். "கங்காணி மகன் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறான். 'திருமலை, பொண்டாட்டிய அம்போன்னு விட்டுட்டு வந்தியா'ன்னு கேக்குறான். சாப்பிட உக்காந்தா, 'அண்ணனுக்குச் சோறா, தவுடா'ங்கிறான் ஒருத்தன். திருமலை என்ன செய்வான் சொல்லு."

"நீங்க சொல்லலாம்ல மாமா, இது சாமிக்குச் செஞ்சதுன்னு?"

"சொல்லாமலா? அவனே மொதல்ல அதத்தான் சொன்னான். அப்புறம் ஒரு நா என்னையத் தனியாக் கூப்பிட்டு, 'நம்ம வீட்டுல பிள்ள இல்லைன்னு அவ உங்ககிட்டச் சொன்னப்ப அழுதாளா, சிரிச்சாளா'ன்னு கேட்டான். எனக்கு ஞாபகம் இல்லத்தா. இல்லைன்னு சொல்லிட்டேன்."

"சிரிச்சேன் மாமா."

"இருக்கும். ஞாபகம் இல்லையே."

அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "விக்கிறது, வாங்குறது கூட அவனுக்குப் பெரிசா இல்ல. கைவிட்டவன்னு போட்டிருக்கானே, அதான் உறுத்துது. 'அவ சொல்லாம வெள்ளக்காரனுக்கு எப்படித் தெரியும்'ங்கிறான்."

பேத்துப்பாறையில் இப்படி ஒரு வீண் சொல் வந்தால் அதற்கு வழி உண்டு. சொன்னவனைக் கோயில் முன்னால் கூப்பிடுவார்கள். உண்மையானால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யானால், தப்பு என்று ஊர் கேட்கச் சொல்லி விழுந்து கும்பிட வேண்டும். பெரிய பண்ணைக்காரனும் அந்தக் கற்பூரத்துக்கு முன்னால் வந்துதான் ஆக வேண்டும். பத்திரிகைக்காரர்களும் மனுஷர்கள்தானே, அவர்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கும் என்று பிச்சையம்மாள் நினைத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையில் கற்பூரக் கட்டியை முடிந்துகொண்டு, குருநாதனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

பத்திரிகை ஆபீசில் சுவாமிநாதன் என்கிற உதவி ஆசிரியர் அவர்களை உட்கார வைத்தார். அவரும் நல்ல மனுஷன்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரைக் கை காட்ட முடிந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். அப்படி ஒருவர் அகப்படவில்லை.

அவர் பிள்ளையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பு நடந்துபோச்சும்மா. எங்களுக்கும் தவிட்டுப் பிள்ளை வழக்கம் தெரியும். ஆனா வெளிநாட்டுப் பத்திரிகையில வந்ததாச்சேன்னு நம்பிட்டோம். விசாரிக்கலை."

"இங்கிருந்து கூப்பிடு தூரந்தானங்க ஐயா கொடைக்கானலு. ஒரு ஆள் விட்டுக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கலாம்."

"சரிங்க, போகட்டும். எழுதுன ஆளு வந்து, நான் எழுதுனது பொய்யின்னு ஒரு கற்பூரம் கொளுத்திச் சொல்லிட்டா போதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

குருநாதன் சங்கடப்பட்டு இருமினார். சுவாமிநாதன் சிரிக்கவில்லை.

"எழுதினது யாருன்னே தெரியாதும்மா. படம் எடுத்தவர் நீளமா எழுதிக் கொடுத்திருப்பார். படம் விக்கிற கம்பெனியில ஒருத்தர் வெட்டியிருப்பார். பத்திரிகையில இன்னொருத்தர் அதையும் வெட்டி, கொஞ்சம் சேர்த்திருப்பார். நாங்க தமிழ்ல மாத்தினோம். இலங்கைக்காரங்க எங்களைப் பார்த்துப் போட்டாங்க. ஆளுக்குக் கொஞ்சம் தப்பு."

"ஆளுக்குக் கொஞ்சமா இருந்தா எல்லாரும் சேந்து வந்து கொளுத்தட்டுங்க."

"அவங்க எல்லாரும் ஒரே கோயிலுக்குக் கட்டுப்பட்டவங்க இல்லையே அம்மா." அவர் மேஜையில் கிடந்த ஒரு வெளிநாட்டுத் தபால் உறையை எடுத்துக் காட்டினார். "இதைப் பாருங்க. தபாலுக்கு எல்லா நாடும் கூடி ஒரு சட்டம் வெச்சிருக்காங்க. அந்த ஊர்ல ஒட்டின தபால் தலையை இந்த ஊர்ல ஒத்துக்கிறோம். கடுதாசி தப்பிப் போனா யாரைக் கேக்கணும்னு இருக்கு. செய்திக்கு அப்படி ஒண்ணு வைக்கலை. அங்க சரிங்கிறது இங்க தப்பு. இங்க நான் தப்புன்னு ஒத்துக்கிட்டாலும் அங்க ஒருத்தரும் கேக்கணும்னு கட்டாயமில்லை."

"கோயில் வேறயா இருக்கட்டுங்க. பொய் ஒண்ணுதானுங்களே" என்றாள் பிச்சையம்மாள்.

சுவாமிநாதன் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். மூன்று இடத்துக்கும் எழுதுவதாக வாக்குக் கொடுத்தார், எழுதவும் செய்தார். மழைக்காலம் முடிந்து பதில்கள் வந்தன. எங்களுக்கு வந்ததைத்தான் போட்டோம், கம்பெனியைக் கேளுங்கள் என்றது வெளிநாட்டுப் பத்திரிகை. பத்திரிகைகள் எப்படிச் சுருக்கிப் போடுகின்றன என்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது கம்பெனி. இலங்கையிலிருந்து பதிலே இல்லை. மதுரைப் பத்திரிகையில் மட்டும், மூக்குப்பொடி விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி வந்தது: 'சென்ற ஆண்டு வெளியான படம் ஒன்றின் விளக்கத்தில் பிழை இருந்ததாகத் தெரிகிறது.' இதற்கு மேல் போட மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சுவாமிநாதன் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்.

இலங்கையில் தங்கும் பர்மிட் முடிந்து திருமலைச்சாமி ஊர் வந்து சேர்ந்தபோது தவுட்டாயி காட்டில் ஆடு விரட்டும் வயசுக்கு வந்துவிட்டாள். பிச்சையம்மாள் வாசல் மெழுகிக் கோலம் போட்டுக் காத்திருந்தாள். அவன் மகளைத் தூக்கிக்கொண்டான், கொஞ்சினான். பெண்டாட்டியிடம் ஊர்ப் பேச்சு, மழைப் பேச்சு எல்லாம் பேசினான். படத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அவளேதான் ஆரம்பித்தாள். மதுரைப் பத்திரிகையில் வந்த இரண்டு வரியை எடுத்து நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"எந்தப் படம், என்ன பிழை, ஒண்ணையும் காணோமே."

"நம்ம படந்தாங்க. சோலையம்மாளக் கேளுங்க. குருநாதண்ணன் இருக்காரு, அவரக் கேளுங்க."

"கேட்டா உனக்குச் சாதகமாத்தான சொல்லுவாக."

"பிள்ள உங்க கண்ணு முன்னால நிக்கிதே. வித்திருந்தா இங்க எப்படி நிக்கும்?"

அவன் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பசிக்கு வித்திருப்ப. அப்புறம் நான் அனுப்பின பணம் வந்ததும் மனசு கேக்காமத் திருப்பி வாங்கியிருப்ப. அதுல தப்பில்ல புள்ள. நான்தான் இங்க இல்லையே. ஆனா கைவிட்டவன்னு நீ சொல்லியிருக்க வேண்டாம்."

"நான் சொல்லலைங்க."

"சரி."

"குறிஞ்சி ஆண்டவர் சன்னிதிக்கு வாங்க. பிள்ளைய முன்னால நிறுத்திக் கற்பூரம் அணைக்கிறேன்."

திருமலைச்சாமி சட்டென்று மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "சத்தியமெல்லாம் வேண்டாம். பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும்."

அவள் பொய்ச் சத்தியம் செய்யப்போகிறாள் என்று அவன் பயந்தான். அது பிச்சையம்மாளுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவள் சத்தியத்தைப் பற்றிப் பேசவில்லை. கிருத்திகை தவறாமல் கோயிலுக்குப் போவாள். கற்பூரத் தட்டு வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். முருகனிடம் என்ன கேட்டாளோ, அது அவனுக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

இப்படியே சில வருஷம் போயிற்று. வடக்கே மழையில்லாமல் பஞ்சம் என்று எல்லாரும் பேசிய வருஷம் அது. பிச்சையம்மாள் செண்பகனூரில் ஒரு பங்களாவுக்கு விறகு போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒரு டீக்கடையில் பத்திரிகையைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் முகம் தெரியாமல் போகுமா. அதே நனைந்த ரவிக்கை, அதே மடி. ஒரே மாற்றம், இது வேறு பத்திரிகை. அவ்வளவுதான்.

"அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு?"

கடைக்காரர் வாசித்தார். "பீகார்ல பஞ்சம். புருஷன் பட்டினியால இறந்துபோக, பெத்த பிள்ளைய வித்துட்டுப் போற தாய்னு போட்டிருக்கு."

"பீகாருன்னா எங்க இருக்குண்ணே?"

"அது கெடக்கு வடக்க, காசிக்கு அங்கிட்டு. ஏன்த்தா, உனக்கு யாரும் இருக்காகளா அங்க?"

அவள் அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கினாள். வாங்கிக்கொண்டு வெரசா நடந்தாள். இத்தனை வருஷம் கேட்டதற்கு முருகன் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே படத்தை இரண்டு ஊரில் நடந்ததாகப் போட்டிருக்கிறார்கள். பொய்யென்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? வழியில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், சிரித்துக்கூடப் பார்த்துக்கொண்டாள்.

திருமலைச்சாமி பீன்ஸ் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். அவள் பத்திரிகையை விரித்துக் காட்டினாள். "பாருங்க. நல்லா வாசிங்க. பீகாராம். நான் மதுரையத் தாண்டி எங்கிட்டாவது போயிருக்கேனா?"

அவன் மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தான். வாசித்துவிட்டுச் சிரித்தான். இலங்கையிலிருந்து வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"அதுல கைவிட்டுட்டுப் போனேன். இதுல செத்தே போயிட்டேன் பாரு."

அவளும் சிரித்தாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீர் வந்தது. "அதான் சொல்றேன். பேப்பர்காரங்க என்னத்தையாவது போடுவாங்க. ஊரப் பொய்யாப் போட்டிருக்கான். நீங்க செத்ததாப் பொய்யாப் போட்டிருக்கான்."

"ஆமா, அதெல்லாம் பொய்தான்" என்றான் திருமலைச்சாமி. பத்திரிகையை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தான். "ஊரு மாறியிருக்கு, நான் மாறியிருக்கேன். வித்தது மட்டும் ரெண்டுலயும் அப்படியே இருக்கு, பாத்தியா."

சொல்லிவிட்டுக் கம்பை எடுத்து அடுத்த குழியில் ஊன்றினான். பிச்சையம்மாள் பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கீழே கிடந்த கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவனுக்கு நீட்ட ஆரம்பித்தாள்.